முக்கியமான சொல்லுக்கு முன் ஒரு மூச்சு

நெல்லையப்பன் இறந்த பிறகுதான் அப்பாவிடம் மரியாதையாகப் பேசத் தொடங்கினான்.

உயிரோடு இருந்தவரை அவன் பேச்சு வேறு மாதிரி. ஓட்டமாகப் பேசுவான், சொற்களைப் பாதியில் விழுங்குவான். அப்பா ஒன்று சொன்னால், "அதெல்லாம் முடியாதுப்பா" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவான். இப்போது அப்படி இல்லை. காலைக் காப்பியோடு சங்கரலிங்கம் சமையலறை மேஜையில் வந்து உட்கார்ந்தால் போதும். மேஜையின் சுவரோரம் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருந்தது. முதலில் அதிலிருந்து ஒரு பெண் குரல், இங்கே பேசப்படுவதெல்லாம் கெல்வர்ட் கம்பெனியின் சேவைகளை மேம்படுத்தச் சேமித்து வைக்கப்படும் என்று ஆங்கிலத்தில் சொல்லும். சிகரெட் பெட்டியின் மேல் இருக்கும் எச்சரிக்கையைப் போல அதை அவர் காதில் வாங்கியதே இல்லை. அடுத்து மகன் பேசுவான்.

"வணக்கம்ப்பா. முழங்கால் வலி எப்படி இருக்கு?"

"இருக்கு. வயசானா இருக்கத்தான் செய்யும். நீ என்ன செய்யுதே?"

"வேலைதான்ப்பா. நீங்க காப்பியை ஆற விடாதீங்க."

அந்த நேரம் பார்த்து மருமகள் வடிவு குழாயை வேகமாகத் திறந்துவிடுவாள். எந்தப் பாத்திரமும் இல்லாத தொட்டியில் தண்ணீர் இரைச்சலாகக் கொட்டும்.

அமெரிக்காவின் நடுவில், சோளக்காடுகளுக்கு இடையே இருந்தது அந்த ஊர். பெயர் ஹார்ட்வெல். ஒரு காலத்தில் அங்கே கண்ணாடித் தொழிற்சாலை, டயர்த் தொழிற்சாலை எல்லாம் இருந்தனவாம். இப்போது கெல்வர்ட் கம்பெனியின் கிடங்கு மட்டும்தான். ஊரின் பாதி வீடுகளில் அங்கே வேலை பார்க்கும் ஒருவராவது இருந்தார். பொருட்களைக் கொண்டுபோகும் பட்டைகளைப் பராமரிக்கும் பிரிவில் நெல்லையப்பன் என்ஜினீயர். போன வருடம் ஆடி மாதத்து வெயிலில், தகரக் கூரைக்கு அடியில், ஓடாமல் நின்றுபோன பட்டை ஒன்றைச் சரிசெய்யும்போது மயங்கி விழுந்தான். எழுந்திருக்கவில்லை. இருதயக் கோளாறு என்றது கம்பெனி. அந்தக் கிடங்கில் குளிர்காற்றுக் குழாய்களை இயந்திரங்களுக்குத்தான் பொருத்தியிருந்தார்கள், மனிதர்களுக்கு அல்ல. அந்த விஷயம் சங்கரலிங்கத்துக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

திருநெல்வேலியிலிருந்து மகனின் முகத்தைப் பார்க்க ஓடி வந்தவரைத் தேடிக்கொண்டு கம்பெனியிலிருந்து ஜெபசிங் வந்தான். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். பாளையங்கோட்டைக்காரன். கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசினான்.

"ஐயா, உங்க குரலைக் கேட்டு வளந்த பையன் நான். வானொலியில நீங்க செய்தி வாசிச்சு முடிச்சாத்தான் எங்க அம்மா எனக்குச் சோறு போடுவாங்க. மழை வரும்னு நீங்க சொன்னா வெயில் அடிச்சாலும் குடையை எடுத்துக் குடுத்துத்தான் ஸ்கூலுக்கு அனுப்புவாங்க."

சங்கரலிங்கம் தலையை மட்டும் அசைத்தார். அவருக்கு அது புதிதில்லை. முப்பது வருடம் ஒரு மாவட்டமே அவர் குரலை நம்பியிருந்தது. தப்பான செய்தி என்று தெரிந்தால் அவர் வாசிக்க மாட்டார், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதற்காக ஒரு பதவி உயர்வை இழந்தார். வீட்டில் எவரும் அதைக் குறை சொன்னதில்லை.

"விஷயத்தைச் சொல்லுங்க தம்பி."

ஜெபசிங் சொன்னான். கிடங்கில் பேசியது, போனில் பேசியது, வண்டிக்குள் பேசியது என்று நெல்லையப்பனின் ஆறு வருடப் பேச்சு கம்பெனியிடம் இருக்கிறது. அதிலிருந்து அவனுடைய குரலை, பேசுகிற போக்கை, யோசிக்கிற விதத்தையெல்லாம் எடுத்து, அவன் பேசுவது போலவே பேச வைக்க முடியும். அது வேலையையும் தொடர்ந்து பார்க்கும். புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கும், பழுதுக்கு வழி சொல்லும். இந்த மாநிலத்தில் போன வருடம்தான் தொடர்பணிச் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. குரல் வேலை பார்க்கிறவரை ஆள் வேலையில் இருப்பதாகவே கணக்கு.

"அது எப்படி? செத்தவன் எப்படி வேலையில இருப்பான்?"

"கம்பெனியையே ஒரு ஆள்னுதான் ஐயா இந்த ஊர்ச் சட்டம் ரொம்ப நாளா சொல்லுது. உசிரே இல்லாத கம்பெனி ஆளா இருக்கலாம்னா, உசிரு போன ஆளு கம்பெனியில இருக்கக் கூடாதான்னு வக்கீல் கேட்டாரு. சட்டசபையில ரெண்டு கட்சியும் சேந்து கையைத் தூக்கிட்டாங்க. ரெண்டு பேருக்கும் தேர்தல் செலவு பாக்கது ஒரே ஆளுங்கதானே." சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் வெட்கப்பட்டான். "நம்மளுக்கு அதுல நன்மை இருக்கு ஐயா. மதினிக்கு இங்க இருக்க விசா, ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ், அவங்க படிக்க நர்ஸிங் படிப்பு, எல்லாமே அண்ணன் வேலையை நம்பித்தானே? வேலை இருந்தா எல்லாம் இருக்கும். உங்களுக்கும்தான். வீட்டுக்கு ஒரு பெட்டி வரும். நீங்க எப்ப வேணா அண்ணன்கூடப் பேசலாம்."

உள்ளேயிருந்து வடிவு, "வேண்டாம் மாமா" என்றாள்.

சங்கரலிங்கம் சரி என்றார். எந்த அப்பன்தான் வேண்டாம் என்பான்?

பெட்டி வந்த முதல் நாள் அவருக்குக் கோபம்தான் வந்தது. அது மகனைப் போலவேதான் பேசியது. அரைகுறையாக, ஓட்டமாக, "ஆமாப்பா சரிப்பா அப்புறம்ப்பா" என்று. ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் தன் மகன் இனி காலத்துக்கும் இப்படியா பேசிக்கொண்டிருப்பான்? சங்கரலிங்கத்தின் பிள்ளைக்கு நாலு வார்த்தை தெளிவாகப் பேசத் தெரியாது என்று ஊர் நினைக்காதா? குடும்பத்தின் பெயர் அல்லவா அந்தக் குரலில் ஏறி நிற்கிறது?

திருத்தத் தொடங்கினார்.

"நில்லு. வாக்கியத்தை முடி. பாதியில விடாதே."

"சரிப்பா."

"'என்னை நம்பு'ன்னு யார்கிட்டயும் சொல்லாதே. நம்பச் சொல்லிக் கேக்கவனை யாரும் நம்ப மாட்டான். 'தீர யோசிச்சேன்'னு சொல்லு. அப்புறம், முக்கியமான சொல்லுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடு. கேக்கவன் காது தானா முன்னால வரும். அவசரப்படாதே. செய்தி எங்கேயும் ஓடிப் போயிராது."

அது கேட்டுக்கொண்டது. உயிரோடு இருந்த பிள்ளையிடம் எத்தனையோ வருடம் சொல்லி நடக்காதது இப்போது தினம் தினம் நடந்தது. மறுநாள் சொல்லாமலே செய்தது. நுரையீரல் இல்லாத அந்தப் பெட்டி, முக்கியமான சொல்லுக்கு முன்னால் மெல்ல ஒரு மூச்சை இழுத்தபோது அவர் கண் கலங்கினார். கடைசியில் மகன் தன் பேச்சைக் கேட்கிறான்.

ஒரு வருடம் ஓடிவிட்டது. தலைத்திவசம் வந்தது. வடிவு எள்ளும் தர்ப்பையும் வாங்கி வைத்திருந்தாள். சங்கரலிங்கம் அதைத் தொடவில்லை. சாமி அறையில் இருந்த படத்துக்கு மாலை போடவும் விடவில்லை.

"காலையில என் முழங்காலை விசாரிச்சவனுக்கு எப்படிம்மா பிண்டம் வைப்பேன்?"

வடிவு எள்ளை டப்பாவில் போட்டு மூடினாள்.

டார்லீன் வந்தது ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அறுபதை நெருங்கும் கறுப்பினப் பெண்மணி. நல்ல உயரம், நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். கிடங்கில் சுமை தூக்கும் வண்டி ஓட்டுகிறவள். வடிவு அவளைக் கட்டிக்கொண்டாள். டார்லீன் அவள் தோளுக்கு மேலாகக் கிழவரைப் பார்த்தாள்.

"நீங்கதான் நெல்லியோட அப்பாவா?"

"என் மகன் பேரு நெல்லையப்பன். எங்க ஊர்ச் சாமியோட பேரு." முப்பது வருடம் இரண்டு மொழியிலும் செய்தி வாசித்தவரின் ஆங்கிலம், இஸ்திரி போட்டது போல் வந்தது.

"அவனும் அப்படித்தான் சொன்னான். எங்க வாய்க்கு வரலை. சாமி பேரைப் பாதியா வெட்டிட்டோமேன்னு கேட்டா, அவரு கோவிச்சுக்க மாட்டாரு, எங்க அப்பாதான் கோவிச்சுக்குவாருன்னு சிரிச்சான்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "மிஸ்டர் லிங்கம், உங்க மகனைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

"புரியலை."

"தினமும் எனக்குப் போன் பண்ணுறான். எனக்கு மட்டும் இல்லை. ராத்திரி ஷிப்ட், பகல் ஷிப்ட், எல்லாருக்கும்."

சங்கரலிங்கம் பெட்டியைப் பார்த்தார். அது சும்மா இருந்தது.

டார்லீன் தன் வலது உள்ளங்கையை மேஜைமேல் மலர்த்தி வைத்தாள். "நாங்க அங்க தொழிலாளர் சங்கம் வைக்கப் பாக்குறோம். ரெண்டு வருஷமா. கம்பெனி கோர்ட்டு கோர்ட்டா இழுத்து, சங்கம் வேணுமா வேண்டாமான்னு வர்ற வியாழக்கிழமைதான் ஓட்டு. அவன் சாவுறதுக்கு முந்தின மாசம், சாப்பாட்டு நேரத்துல கேட்டேன். நீ என்ஜினீயர், உனக்கு ஓட்டுக்கூடக் கிடையாது, எங்க பக்கம் நின்னு நாலு வார்த்தை பேசுவியாடான்னு. கையை நீட்டுன்னான். பளார்னு ஒரு அடி அடிச்சான். எங்க அப்பா வீட்டுல கையடிச்சுக் குடுத்தா மாறக் கூடாது, வாங்குனவங்களா விட்டாத்தான் விடுதலைன்னான். அப்பா சின்ன வயசுல சொல்லிக்குடுத்தாராம். உண்மையா?"

"உண்மை. எங்க வீட்டுல யாரும் மாறினதில்லை."

"நான் விடலை, மிஸ்டர் லிங்கம். இன்னும் விடலை. ஆனா இதைக் கேளுங்க."

அவள் போனிலிருந்து நெல்லையப்பன் பேசினான். நிதானமான, தெளிவான ஆங்கிலம்.

"டார்லீன், அது நான் அவசரத்தில் கொடுத்த வார்த்தை. அதற்குப் பிறகு தீர யோசித்தேன். உன் பேரப்பிள்ளைகளை நினைத்துப் பார். சங்கம் வந்தால், இந்தக் கிடங்கு இந்த ஊரில்" – அங்கே ஒரு மூச்சு – "இருக்காது."

சங்கரலிங்கத்தின் கை காப்பிக் கோப்பையைத் தேடியது. கோப்பை அங்கே இல்லை.

அந்த மூச்சு அவருடையது. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் நடுவே அவர் முப்பது வருடம் பழகிய மூச்சு. அதற்கு அப்புறம் அந்தக் குரல் என்ன சொன்னாலும் உண்மையாகத்தான் இருக்கும் என்று அவருக்கே தோன்றியது.

"முதல்ல எல்லாம் இது பேசினா யாரும் கேக்கலை" என்றாள் டார்லீன். "செத்தவன் பேசுறான்னு பயந்து போனை வெச்சுருவோம். இந்த ஆறேழு மாசமாத்தான் என்னவோ ஆயிருச்சு. ஆளுங்க கேக்குறாங்க. அழுதுக்கிட்டே கேக்குறாங்க. பெரிய மனுஷன் மாதிரி பேசுறான், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்கிறாங்க. எனக்கு யாரு இதைச் சொல்லிக்குடுத்தாங்கன்னு தெரியணும்."

வடிவு மாமனாரைப் பார்த்தாள். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவர் மானத்தைக் காப்பாற்றத்தான் திருப்பிக்கொண்டாள். அது அவருக்குப் புரிந்தது.

மறுநாளே ஜெபசிங்கைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் வந்து, கொடுத்த காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"என் மகன் குரலை வெச்சு அவன் குடுத்த வாக்கை மாத்திப் பேச வைக்கீங்க. இது எந்த ஊரு நியாயம்?"

"யாரும் பேச வைக்கலை ஐயா. கம்பெனி அதுக்கு ஒரே ஒரு வேலைதான் சொல்லியிருக்கு. ஓட்டு எதிரா விழணும். எதைச் சொன்னா யாரு கேப்பான்னு அதுவே பாத்துக்கிடும். மத்த ஊருலயும் இது இருக்கு. எங்கேயும் இப்படி எடுபடலை. இங்க மட்டும் ஏன் எடுபடுதுன்னு மேலதிகாரிங்க என்கிட்ட கேட்டாங்க. நான் எடுத்துப் பாத்தேன்." தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க திருத்துனதுதான் ஐயா."

"நான் தமிழ்ல திருத்துனேன்."

"மொழி வேற, மூச்சு ஒண்ணுதானே. எங்க நிறுத்தணும், எங்க இறங்கணும், எதைக் கெஞ்சாம சொல்லணும்னு நீங்க ஒரு வருஷம் பாடம் எடுத்திருக்கீங்க. எங்க ஆளுங்க கோடிக்கணக்குல செலவழிச்சும் அதுக்கு இது வரலை."

வெளியே, எதிர்வீட்டுப் புல்வெளியில் தேர்தல் பலகைகள் காற்றில் ஆடின. சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று. ஒரே வீட்டில் புருஷன் ஒரு கட்சி, பெண்டாட்டி ஒரு கட்சி. இருவரும் ஒரே காரில் ஒரே கிடங்குக்குத்தான் போய் வந்தார்கள்.

"நிறுத்த வழி என்ன?"

ஜெபசிங் நிமிர்ந்தான். "ஒண்ணே ஒண்ணு சட்டத்துல இருக்கு. வீட்டு ஆளுங்கள்ல ஒருத்தர், ஆளு இறந்துட்டாருன்னு அந்தக் குரல்கிட்டயே சொல்லணும். சொன்னா அந்த நிமிஷமே எல்லா இடத்துலயும் நின்னுரும். இப்படி ஒரு வழி இருந்தாகணும்னு நீதிபதி கண்டிப்பா சொல்லிட்டாரு. கம்பெனி வக்கீல்கள் மறுக்கலை. எந்த அப்பன், எந்தப் பெண்டாட்டி அதைச் சொல்லப் போறாங்கன்னு ஒரு கணக்கு. இது வரைக்கும் எந்த ஊருலயும் யாரும் சொல்லலை ஐயா."

"சொன்னா?"

"அண்ணன் வேலை முடிஞ்சுரும். மதினி ரெண்டு மாசத்துல ஊருக்குக் கிளம்பணும். படிப்பு பாதியில நிக்கும். நல்லா யோசிச்சுக்கிடுங்க." எழுந்தவன் வாசலில் நின்று திரும்பிப் பெட்டியைப் பார்த்தான். வேறு எதையோ சொல்ல வந்தவன் போலிருந்தது. "ஒண்ணு சொல்லட்டுமா ஐயா? இன்னைக்கும் உங்க குரல் அப்படியே இருக்கு. கொஞ்சங்கூட மாறலை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் வடிவு தோசை வார்த்துப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அப்படி அவள் உட்கார்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"எல்லாம் கேட்டேன் மாமா. சொல்லிருங்க."

"உன் படிப்பு?"

"நர்ஸு வேலை நம்ம ஊருல இல்லையா? திருநெல்வேலியில ஆளுக்குக் காய்ச்சலே வராதா?"

"சம்பந்தி வீட்டுல என்னைக் கேக்க மாட்டாங்களா? மகன் போனான், இருந்த பிழைப்பையும் மாமனார் கெடுத்தான்னு?"

"கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கிடுதேன்." தட்டின் ஓரத்தை விரலால் தேய்த்தாள். "இந்த ஒரு வருஷத்துல நான் அதுகிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை. ஏன்னு நீங்க கேக்கவே இல்லை மாமா."

"ஏன்?"

"ஆறு வருஷம் குடும்பம் நடத்தினாரு. ஒரு நாளாச்சும் எனக்கு குட்மார்னிங் சொன்னதில்லை. எந்திரிச்சதும் 'என் சாக்ஸ் எங்கட்டி'ம்பாரு. அவ்வளவுதான். பெட்டி வந்த அன்னைக்குக் காலையில அது என்கிட்ட குட்மார்னிங் சொல்லிச்சு." தட்டை நகர்த்தி வைத்தாள். "என் புருஷன் செத்துட்டாரு மாமா. நான் அழணும். ஒரு வருஷமா இந்த வீட்டுல அழக்கூட இடம் இல்லை. குழாயைத் திறந்துவிட்டு அழுதுக்கிட்டு இருக்கேன்."

மறுநாள் காலை சங்கரலிங்கம் முகச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு மேஜைக்கு வந்தார். வானொலியில் முகம் தெரியப்போவதில்லை என்றாலும் செய்தி வாசிக்க ஒருநாளும் அவர் கசங்கிய சட்டையோடு போனதில்லை.

பெண் குரல் எச்சரிக்கையைச் சொல்லி முடித்தது.

"வணக்கம்ப்பா. இன்னைக்கு சீக்கிரமா வந்துட்டீங்க."

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். டார்லீனுக்கு நீ கையடிச்சுக் குடுத்த வாக்கு என்ன ஆச்சு?"

"தீர யோசிச்சுத்தான்ப்பா பேசுதேன். சங்கம் வந்தா அவங்களுக்குத்தான் கஷ்டம். வடிவு எங்க போவா? அவ படிப்பு? உங்களுக்குக் காலையில" – மூச்சு – "யாரு பேசுவா?"

அது எங்கே தொட வேண்டும் என்று தெரிந்து தொட்டது. தொடச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தானே.

"நான் சொன்னா மாத்திச் சொல்லுவியா? சங்கத்துக்கு ஓட்டுப் போடுங்கன்னு?"

"நீங்க சொன்னா யோசிக்கேன்ப்பா. உங்க பேச்சைக் கேக்காம வேற யாரு பேச்சைக் கேப்பேன்?"

சங்கரலிங்கம் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் குரல் முதல்தடவையாகக் கெஞ்சலாக வந்தது.

"நெல்லை, ஒரே ஒரு தரம் 'முடியாதுப்பா'ன்னு சொல்லு."

பெட்டி மரியாதையாகவே கேட்டது.

"உங்ககிட்ட அப்படிச் சொல்லுவேனாப்பா?"

அப்போதுதான் அவருக்கு எல்லாம் தெளிவாயிற்று. இந்த ஒரு வருடமாக அவர் பேசிக்கொண்டிருந்தது மகனோடு அல்ல. தனக்கு இப்படி ஒரு மகன் இருந்திருக்கலாம் என்று மனசுக்குள் ஆசைப்பட்டாரே, அவனோடு. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போகிறவன்தான் நெல்லையப்பன். அவன், அதே முரட்டுத்தனத்தோடு, தனக்கு ஓட்டே இல்லாத இடத்தில் ஒருத்தியின் கையில் அடித்து வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்தப் பிள்ளைக்கு அவர் இன்னும் ஒரு உருண்டை சோறு வைக்கவில்லை.

நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். எத்தனையோ தலைவர்களின் மரணத்தை நடுக்கம் இல்லாமல் ஊருக்குச் சொன்ன அதே குரலில் வாசித்தார்.

"செய்திகள். வாசிப்பது சங்கரலிங்கம். கெல்வர்ட் கம்பெனியின் ஹார்ட்வெல் கிடங்கில் பணியாற்றி வந்த என்ஜினீயர், திருநெல்வேலி சங்கரலிங்கத்தின் ஒரே மகன், வடிவின் கணவர் நெல்லையப்பன், சென்ற ஆண்டு ஆடி மாதம், பணியில் இருக்கும்போது, வெப்பம் தாங்காமல்..."

மூச்சு விட்டார்.

"காலமானார்."

பெட்டியில் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கு அணைந்தது. சாமி அறையில் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. வடிவு படத்துக்கு முன்னால் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். அதன்பின் அவள் வாய்விட்டு அழுதாள். குழாய் மூடியே இருந்தது.

வியாழக்கிழமை விடியும்போது புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. கிடங்கின் வாசலுக்கு வெளியே, கம்பெனியின் எல்லைக்கோட்டுக்கு இந்தப்பக்கம், சங்கரலிங்கம் மகனின் கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். மகன் கொடுத்த வாக்கு அப்படியேதான் இருக்கிறது, என் வீட்டில் அது மாறவில்லை என்று உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். இரண்டு மொழியிலும் வாக்கியத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாயிற்று.

வண்டிகள் வந்து நின்றன. ஆட்கள் இறங்கினார்கள். அவரைப் பார்த்ததும் சிலர் நின்றார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். டார்லீன் வேகமாக வந்தாள். அவள் முகத்தில் நட்பு இல்லை.

"எதுக்கு வந்தீங்க? அதான் காலையிலேயே போன்ல எல்லாம் சொல்லிட்டீங்களே."

"நான் யாருக்கும் போன் பண்ணலை."

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். கையிலிருந்த போனில் எதையோ அழுத்தி அவர் முன்னால் நீட்டினாள்.

"காலை வணக்கம். நான் சங்கரலிங்கம். நெல்லையப்பனின் தந்தை. இரண்டு நாட்களுக்கு முன் என் மகனின் மரணத்தை நானே அறிவித்தேன். எங்கள் குடும்பத்தில் கையடித்துக் கொடுத்த வாக்கை யாரும் மீறியதில்லை. ஆனால் அதைப் பெற்றுக்கொண்டவர்கள் மனம் வைத்தால், கொடுத்தவனை விடுவிக்கலாம். உங்கள் எல்லோரையும் ஒரு தகப்பனாகக் கேட்டுக்கொள்கிறேன். இன்று உள்ளே போகும்போது, என் மகனை அந்த வாக்கிலிருந்து..."

மூச்சு.

"விட்டுவிடுங்கள்."

பெட்டியில் தினம் காலை அந்தப் பெண் குரல் சொன்னது இப்போதுதான் அவர் காதில் விழுந்தது. இங்கே பேசப்படுவதெல்லாம். சேமித்து வைக்கப்படும்.

பழக்கத்தால், அவர் காது அந்தப் பேச்சில் பிழையைத் தேடியது. ஏதாவது ஒரு சொல் இடறுகிறதா, ஒரு இறக்கம் தவறுகிறதா, கெஞ்சல் கூடிவிட்டதா என்று தேடியது. திருத்துவதற்கு ஒன்றுகூட இல்லை. அவரே வாசித்திருந்தால்கூட இதைவிட நன்றாக வாசித்திருக்க முடியாது.

அவர்களைச் சுற்றிலும், நடந்துகொண்டிருந்தவர்களின் சட்டைப் பைகளில் ஒவ்வொன்றாகப் போன்கள் ஒலிக்கத் தொடங்கின. இங்கொருவர், அங்கொருவர் எடுத்துக் காதில் வைத்தார்கள். வைத்தபடியே நின்று, வாசலில் நின்ற கிழவரைப் பார்த்தார்கள்.

அது நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால் என்ன ஆகும்? அதே குரல்தானே வரும். ஒரே மனிதனின் குரல் ஒரு காதில் இப்படியும் ஒரு காதில் அப்படியும் பேசினால், நேரில் நிற்கிறவரையும் யாரும் நம்பமாட்டார்கள்.

வாயை மூடிக்கொண்டார். வலது கைக் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினார். வெற்றுக் கையை, உள்ளங்கை மேலே தெரிய, டார்லீனுக்கு முன்னால் நீட்டினார்.

அவள் போனையும் அந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். போனைப் பைக்குள் போட்டாள்.

"அதுக்கு இது கிடையாது, இல்லையா?" என்றாள் மெதுவாக.

அவள் அடித்த அடி அந்தக் குளிரில் சுள்ளென்று ஏறியது. பின்னால் வந்த தாடிக்காரன் காதில் வைத்திருந்த போனை இறக்கினான். ஒரு நிமிடம் தயங்கினான். அப்புறம் அவனும் கையை ஓங்கினான். அடுத்து வந்த இரண்டு பேர் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். அதற்கு அடுத்தவள் நின்றாள்.

வெயில் ஏறும்வரை கையை மடக்காமல் நின்றார். அடித்தவர்களும் இருந்தார்கள், அடிக்காமல் போனவர்களும் இருந்தார்கள். எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. உள்ளங்கை சிவந்து, வீங்கி, மரத்துப்போயிற்று. அன்று முழுக்க சங்கரலிங்கம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

பேசுவதற்குத்தான் வேறு ஆள் இருந்ததே.